நீ எத்தனையாம் ஆண்டு, தம்பி?

நம்ம கிளைகளில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கோயில் மண்டபத்தில் பதினைந்து பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு ஏழு வயது, ஒருவனுக்குப் பன்னிரண்டு. தேவாரம் பாடி முடித்து, கணக்கோ தமிழோ எடுக்கலாம் என்று பார்த்தால், யாருக்கு எந்தப் புத்தகத்தைத் திறப்பது? நாம் இருப்பதோ ரெண்டே பேர். தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும் இதே தலைவலிதான். மண்டபத்துக்குப் பதிலாக சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஆசிரியர் பயிற்சி எடுத்தவள் இல்லை. இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதியில் பாடாங் செராய்க்கு வீடு திரும்பும்போது வகுப்பு எடுக்கிறேன். நாலு வருஷமாக எடுத்ததில் நான் செய்த பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

ஒரு ஞாயிறு புதுசாக ஒரு பையன் வந்தான். "நீ எத்தனையாம் ஆண்டு, தம்பி?" என்று கேட்டேன். "நாலாம் ஆண்டுக்கா" என்றான். நாலாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, ஒரு பத்தியைக் காட்டி, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவன் பக்கத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தண்ணி குடிச்சிட்டு வரேன்கா" என்று எழுந்து போனவன், வகுப்பு முடியும்வரை குழாயடியிலேயே நின்றான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அவன் அம்மா சாலையோரத்தில் காலையில் தோசை, இட்லி விற்பவர். ஒருநாள் பசியாற அங்கே போனேன். "ஏம்மா, ஞாயித்துக்கெழம ஆனா போதும், வயிறு வலிக்குதுங்கிறான். நீ ஏதும் திட்டினியா?" என்று கேட்டார். நான் திட்டவில்லை. ஆனால் பதில் சொல்ல முடியவில்லை. பையன் பக்கத்தில்தான் நின்றான், தட்டு எடுத்துக்கொண்டு, காசு வாங்கிக்கொண்டு. ஒருவர் ஐந்து வெள்ளி நோட்டு நீட்டினார். சாப்பிட்டது மூன்று வெள்ளி நாற்பது காசு. பையன் யோசிக்கவே இல்லை. ஒரு வெள்ளி அறுபது காசை எடுத்துக் கையில் வைத்தான்.

கெஞ்சிக் கூத்தாடி மறுபடி வகுப்புக்கு வரவழைத்தேன். இந்த முறை தனியாக, மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, ஒரு தாளில் 500 கழித்தல் 340 என்று எழுதிக் கொடுத்தேன். 240 என்று எழுதினான். அங்கே கடையில் நொடியில் சொன்ன அதே கணக்கு! எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "அஞ்சில மூணு போனா ரெண்டு. பூஜ்யத்துக்கும் நாலுக்கும் நாலு. பூஜ்யம் பூஜ்யம்." ஒவ்வொரு நெடுக்கு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கவலையே இல்லை. கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். அவன் மனசில் அது ஒரு விதி. ஒழுங்காக, தவறாமல் அதைத்தான் பின்பற்றுகிறான். கடன் வாங்கிக் கழிப்பது என்ற ஒன்று அவனிடம் வந்து சேரவே இல்லை. கீழ் ஆண்டுகளிலேயே விட்டுப்போன பாடம் அது.

தமிழுக்கு வந்தால் வேறு கதை. மரம், படம், பட்டம், மான் எல்லாம் வாசித்தான். 'தேன்' என்று எழுதினால் 'தான்' என்கிறான். 'கொடி' என்றால் சும்மா இருக்கிறான். பத்து நிமிஷம் போனபிறகுதான் புரிந்தது, அவன் முட்டிக்கொண்டு நின்ற இடம் கொம்பு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலி மட்டும் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அது குழப்பமாகத்தான் இருக்கும். நமக்கெல்லாம் எப்போது பழகியது என்பதே மறந்துபோனதால், அது கஷ்டம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

தேவாரத்திலோ அவன்தான் முதல். ரெண்டு தடவை கேட்டால் போதும், ராகம் பிசகாமல் பாடுவான்.

ஆக, அந்தப் பையன் எத்தனையாம் ஆண்டு? மனக்கணக்கில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தோற்கடிப்பான். எழுத்துக் கணக்கில் இரண்டாம் ஆண்டு. வாசிப்பில் முதலாம் ஆண்டின் நடுப்பகுதி. பாட்டுக்கு ஆண்டே கிடையாது. இதையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக 'நாலு' என்று போட்டு, அந்த எண்ணைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தவள் நான். எங்கள் பட்டறையில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தால் முதலில் வாயை மூடி ரலாட் சிஃபார் பார்க்கச் சொல்வார்கள். அதைப் பார்க்காமல் அளந்தால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் எல்லா அளவும் தப்பு. இதை முதல் செமஸ்டரிலேயே படித்திருந்தும் பிள்ளைகளிடம் செய்யத் தோன்றவில்லை பாருங்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தால், 'ஆண்டு' என்பது நம் நாட்டில் வயதுதான். ஏழு வயதில் முதலாம் ஆண்டு, பத்து வயதில் நான்காம் ஆண்டு. பாடம் புரிந்ததோ இல்லையோ, அடுத்த வருஷம் தானாக மேலே ஏறிவிடுவார்கள். ஃபெயில் ஆக்கி அதே வகுப்பில் உட்கார வைக்கும் பழக்கம் ஆரம்பப் பள்ளியில் இல்லை. அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'நாலாம் ஆண்டு' என்ற சொல் அவனுக்குப் பத்து வயது என்பதைத் தவிர வேறு எதையும் நமக்குச் சொல்லாது. முன்பு யூ.பி.எஸ்.ஆர். இருந்தது. ஆறாம் ஆண்டில் எப்படியும் குட்டு வெளிப்பட்டுவிடும். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள், அடுத்த வருஷம் பி.டி.3யும் போயிற்று. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுக்கிறார்கள். பெற்றோர் அந்த அறிக்கையைப் பார்த்தால் பாடத்துக்குப் பாடம் எண் வேறுபடுவது தெரியும். ஆனால் நிறைய வீடுகளில் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்து அனுப்புவதோடு சரி.

ஆண்டைத் தாண்டிப் போக விட்ட காலமும் இங்கே இருந்தது. 1996 முதல் 2000 வரை பி.டி.எஸ். என்று மூன்றாம் ஆண்டில் ஒரு சோதனை வைத்தார்கள். அதில் சிறப்பாகத் தேறிய பிள்ளைகள் நான்காம் ஆண்டை விட்டுவிட்டு நேராக ஐந்துக்குப் போகலாம். எங்கள் மாமா ஒருவர் இதற்கு நேர் எதிர். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் போதாமல், படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவர். "ஒரு வருசம் போச்சு" என்று பாட்டி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா கூலிமில் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீசியன். மலாய் அவர் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். அந்த வருஷம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை, அவரிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். அவர் படித்தது பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளி. ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், நாலைந்து பெஞ்சு. ஒவ்வொரு பெஞ்சும் ஒரு வகுப்பு. வாத்தியார் ஒரு பெஞ்சுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அடுத்த பெஞ்சு எழுதும், இன்னொன்றைப் பெரிய பையன் ஒருவன் பார்த்துக்கொள்வான். அந்தப் பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். வாசிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த பெஞ்சுக்கு மாறிப் போய் உட்கார வேண்டியதுதான், வயதை யாரும் கேட்க மாட்டார்கள். பால்மரம் வெட்டப் போகும் வயது வந்ததும் பள்ளிக்கூடம் முடிந்தது. பாட்டிக்கு அந்த வயது மூன்றாவது பெஞ்சிலேயே வந்துவிட்டது.

அந்தக் காலத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் வாத்தியார் என்று தனியாக ஒருவர்கூட இல்லை. கிராணியோ கங்காணியோதான் வேலை நேரம் போக எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. பத்துப் பேருக்கு ஒரு பள்ளி என்றால், ஆறு வகுப்பாகப் பிரித்தால் வகுப்புக்கு ரெண்டு பேர்கூட வராது. எல்லாரையும் ஒன்றாக வைத்து, அவரவர் இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பதைத் தவிர வழியே இல்லை.

சட்டாம்பிள்ளை முறை நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் இருந்து கப்பலேறி வந்தது. இன்னொரு கப்பலில் ஏறி இங்கிலாந்துக்கும் போயிருக்கிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்துக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, தன் காப்பகத்திலும் அதைக் கொண்டுவந்தார். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஊர் திரும்பி 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பேரிலேயே அது பல நாடுகளுக்குப் பரவியது. இந்தக் கதையைப் படித்தபோது பெருமையாக இருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போதும் கெடாவில் இது பழங்கதை இல்லை. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம் குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, லூனாஸ், கூலிம் தாமான்களுக்கு வந்துவிட்டன. தோட்டத்துப் பள்ளிகள் பல அங்கேயே நின்றுவிட்டன. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு. அதிலும் மிகக் குறைவாக உள்ள பள்ளிகளில் ரெண்டு ஆண்டுகளை ஒரே அறையில் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். அந்த ஆசிரியர்களிடம் போய் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நமக்குப் பாதி வேலை மிச்சம்.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கினார்கள். கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, சுவரில் இருக்கும் ஏணிப்படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கொரோனா முடிந்து, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு இன்னும் எளிமையாகச் செய்கிறது. 2005 முதல் வீடு வீடாகப் போய் ஏசர் என்ற கணக்கெடுப்பு எடுக்கிறார்கள். பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் எழுத்து, சொல், முதலாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. எது வரைக்கும் வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. எந்த வகுப்பில் படித்தாலும் தாள் அதேதான்.

இந்தத் தாள் முறையைத்தான் நாங்கள் எங்கள் வகுப்புக்கு மாற்றிக்கொண்டோம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

தமிழுக்கு ஒரு தாள்: உயிரும் மெய்யும் கலந்து பத்து எழுத்து. பிறகு கொம்பும் காலும் இல்லாத சொற்கள், பல், மரம், பட்டம் மாதிரி. பிறகு கால், சுழி, கொம்பு உள்ள சொற்கள், ஒவ்வொரு குறிக்கும் ரெண்டு ரெண்டாவது வேண்டும். பிறகு நாலு வாக்கியம். பிறகு ஒரு சின்னக் கதை, முடிவில் கதையில் நேராகச் சொல்லாத ஒரு கேள்வி. கணக்குக்கு எண்களையே ஏணியாக வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நம் பாடத்திட்டமே அப்படித்தான் ஏறுகிறது: முதலாம் ஆண்டு 100 வரை, இரண்டாம் ஆண்டு 1,000, மூன்றாம் ஆண்டு 10,000, இப்படியே ஒவ்வொரு பூஜ்யமாகச் சேர்ந்து ஆறாம் ஆண்டில் ஒரு கோடியில் முடியும். ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள், ஒரு கூட்டல், கடன் வாங்கும் ஒரு கழித்தல் கொடுங்கள். நடுவில் பூஜ்யம் உள்ள எண்ணாகப் பார்த்துக் கொடுங்கள், பொய்யெல்லாம் அங்கேதான் உடையும்.

தனியாகக் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டும். தப்பு வந்தால் உடனே திருத்தக்கூடாது. "எப்படிப் போட்டே?" என்று மட்டும் கேளுங்கள். தடுக்கிய இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே ஒரு படி இறங்கிப் பாடத்தைத் தொடங்க வேண்டும். ஒரு படி ஏன் இறங்க வேண்டும் என்றால், முதல் நாள் அந்தப் பிள்ளை ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகணும்.

பிரிப்பதில் நாங்கள் ஒருமுறை சறுக்கினோம். அரும்பு, மொட்டு, மலர் என்ற பேர் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், எங்கள் வகுப்பிலும் வைத்தேன். ரெண்டே வாரம். "நீ அரும்புடா" என்பது வசவாக மாறிவிட்டது. பிள்ளைகளை ஏமாற்ற முடியாது, பூவின் பேர் வைத்தாலும் அவர்களுக்குத் தெரியும் யார் கீழே யார் மேலே என்று. பிறகு பேரை மாற்றினோம். குழுவுக்குப் பேர் இல்லை, மேசைக்குத்தான் பேர்: கொம்பு மேசை, கடன் மேசை, வாய்பாட்டு மேசை, கதை மேசை. அந்த வேலை முடிந்தவர் எழுந்து அடுத்த மேசைக்குப் போகலாம். நம்ம பையன் கொம்பு மேசையில் ஏழு வயதுப் பாப்பா பக்கத்தில் உட்கார்வான், அரை மணி கழித்துச் சில்லறை மேசையில் ஆறாம் ஆண்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தருவான். யார் மேலே யார் கீழே என்று எடுத்துச் சொல்ல இப்போது ஆளில்லை.

புத்தகத்திலும் கவனம் வேண்டும். பத்து வயதுப் பையனிடம் பொம்மைப் படம் போட்ட முதலாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் மறுபடி குழாயடிக்குப் போய்விடுவான். சொற்கள் எளிமையாக இருக்கணும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கணும். கடைகளில் அப்படிப்பட்டது எனக்குக் கிடைக்கவில்லை. நாங்களே எழுதினோம். கெடா அணியின் பச்சை மஞ்சள் ஜெர்சி, மோட்டார் செயின் கழன்றால் எப்படி மாட்டுவது, தைப்பூசத்துக்குப் பந்தலில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், இப்படி ஆறே வரி. தட்டெழுத்தில் பெரிதாக அச்சடித்தால் போதும், மேலே 'ஆண்டு 1' என்ற வார்த்தை மட்டும் இருக்கக்கூடாது.

வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று ஆண்டு என்றால்? இதை நான் எங்கள் அத்தையிடம் பார்த்தேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியது. இல்லிருப்புக் கற்றல் என்றார்கள். அத்தை வீட்டில் ஒன்று, மூன்று, ஐந்து என்று மூன்று பேர், கைப்பேசி ஒன்றுதான், அதுவும் மாமா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நான் அப்போது படிவம் ஐந்து, எஸ்.பி.எம். என்ன ஆகுமோ என்ற கவலையில் இருந்தேன். அத்தை படிவம் மூன்று வரை படித்தவர். முதல் வாரம் மூன்று பேருக்கும் மூன்று பாடம் நடத்தப் பார்த்து, மூன்றாம் நாளே அழுதுவிட்டார். அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். விஷயம் ஒன்று, வேலை மூன்று. ஒருநாள் பூஜாங் பள்ளத்தாக்கு. கட்டுப்பாட்டுக்கு முன்னால் குடும்பமாக மெர்போக் அருங்காட்சியகம் போனபோது எடுத்த படங்களைப் பரப்பி வைத்து, புக்கிட் பத்து பகாட் கோயிலைப் பற்றி எல்லாரிடமும் பேசினார். சின்னவள் 'கல்', 'மலை', 'படி' என்று எழுதிப் படம் போட்டாள். நடுவுள்ளவன் ஐந்து வாக்கியம். பெரியவள் நம் முன்னோர் இந்த ஊரைக் கடாரம் என்று ஏன் சொன்னார்கள் என்று எழுதித் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் சேர்ந்து, பிறகு ஆளுக்கு இருபது நிமிஷம் தனியாக. கணக்கு மட்டும் எப்போதும் தனிதான். கணக்கில் ஒரு படி விட்டால் மேல்படி நிற்காது, தமிழிலும் வரலாற்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்பது அத்தையின் கண்டுபிடிப்பு. எனக்கு அது சரி என்றே படுகிறது.

முன்னால் ஓடும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், மூன்றாம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை ஜூனிலேயே முடித்துவிட்டாள். அவள் அம்மா ஐந்தாம் ஆண்டுப் புத்தகம் வாங்கி வந்து நிற்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதே தாளை வைத்துச் சோதித்தேன். வேகமாகப் போடுகிறாள், ஆனால் வாய்க்கணக்கில் கேள்வியை அவளாக எழுதச் சொன்னால் திணறுகிறாள். அதனால் மேலே போகும் முன் கொஞ்சம் அகலமாகப் போனோம்: கடையில் பில் போடுவது, மண்டபத்துத் தரைக்கு எத்தனை ஓடு வேண்டும் என்று அளப்பது. அதையும் முடித்துவிட்டாள். இப்போது பின்னங்களில் இருக்கிறாள், எந்த ஆண்டுப் பாடம் என்று நான் சொல்லவில்லை.

அவளை உட்கார வைத்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைக்கலாமே என்று தோன்றும். பெல் பாதிரியார் கதையில் எனக்கு வந்த சந்தேகம் இதுதான். சொல்லிக்கொடுத்தால் தனக்கும் நன்றாகப் பதியும் என்பது உண்மை. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு அவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிட்டு, அவளுக்கு நாம் ஒன்றும் சொல்லித்தராமல் விட்டால் அது அநியாயம். எங்கள் கணக்கு: ஒரு வகுப்பில் இருபது நிமிஷத்துக்கு மேல் எந்தப் பிள்ளையும் ஆசிரியர் வேலை பார்க்கக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியை விட்டே நிறுத்தி வீட்டில் சொல்லித்தரலாம் என்று யாராவது நினைத்தால், சட்டத்தை முதலில் பாருங்கள். 2002இல் கல்விச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2003 முதல் ஆறு வருஷ ஆரம்பக் கல்வி கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. வீட்டுக் கல்வி வேண்டும் என்றால் கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து விலக்குப் பெற வேண்டும். வீட்டில் வளர்ந்த பிள்ளை பின்னால் எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் வேட்பாளராக எழுதலாம், ஆனால் அங்கே கேள்வித்தாள் அவரவர் வேகத்துக்கு வராது. அதனால் வீட்டில் எந்தப் படியில் இருந்தாலும், வயதுக்குரிய ஆண்டில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கணும்.

ஞாயிறு வகுப்புக்கும் அதேதான். நம்ம பையன் திங்கட்கிழமை நாலாம் ஆண்டு வகுப்பில்தான் போய் உட்கார வேண்டும். கொம்பு மேசையிலேயே மூன்று மாதம் வைத்திருந்தால் பள்ளியில் அவன் இன்னும் பின்னால் போவான். அதனால் கடைசிப் பத்து நிமிஷம் அவன் பள்ளிப் புத்தகத்தை நான் வாசித்துக் காட்டினேன், அவன் காதால் கேட்டுப் பதில் சொன்னான். கதை அவனுக்குப் புரிகிறது, எழுத்துதான் தடை. ஆசிரியரிடமும் அம்மாவைப் பேசச் சொன்னேன். அவன் எங்கே தடுக்குகிறான் என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தோம். "பையன் வீக்கு" என்று சொல்வதற்கும் "கொம்பு வரவில்லை, மற்றது வருகிறது" என்று சொல்வதற்கும் ஆசிரியர் செய்யும் வேலை வேறு.

நோட்டுப் புத்தகம் ஒன்று கட்டாயம் வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, எந்த மேசை, எங்கே தடுக்கியது, அவ்வளவுதான். மார்க்கு வேண்டாம். வாரா வாரம் ஆள் மாறும் நம்ம மாதிரி வகுப்பில் இது இல்லையென்றால், அடுத்து வரும் அண்ணன் மறுபடி முதல் கேள்வியாக "எத்தனையாம் ஆண்டு?" என்றுதான் கேட்பார்.

பையனின் பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன். பாட்டில் மூடிகளில் கொம்பையும் எழுத்தையும் தனித்தனியாக எழுதி, அடுக்கி அடுக்கிப் படிக்க வைத்தோம். ஒற்றைக்கொம்புக்கு ரெண்டு வாரம். இரட்டைக்கொம்புக்கு மூன்று, நடுவில் ஒரு வாரம் வயிற்றுவலி, இந்த முறை நிஜ வயிற்றுவலி. 'கொ', 'கோ' வரிசைக்கு இன்னும் ரெண்டு. 'கௌ' இன்னும் வரவில்லை, அவசரமும் இல்லை. கடன் வாங்கிக் கழிப்பதை ஐந்து வெள்ளி நோட்டை மாற்றிச் சில்லறையாகக் கொடுத்துக் காட்டினேன், ஒரே நாளில் பிடித்துக்கொண்டான்.

போன ஞாயிறு நான் தாமதமாக வந்து, அவசரத்தில் செருப்பை மண்டப வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். பையன் தூண் பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தூணில் ஒரு பலகை, 'செருப்பை இங்கே கழற்றவும்', கீழே தகர அலமாரியைக் காட்டும் ஒரு அம்புக்குறி. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனான், ஒரு தடவை, ரெண்டாம் தடவை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, உங்க செருப்பு அங்க இருக்கக் கூடாது."